மாப்பிள்ளையூரணியில் ஒரு புள்ளி

தூத்துக்குடியிலிருந்து வடக்கே கிளம்பினால், 'ஊர் முடிந்துவிட்டதா, இல்லையா?' என்று நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளையூரணி வந்துவிடுகிறது. ஊரணி என்றால் குளம். அதன் முன்னால் மாப்பிள்ளை மிடுக்காக உட்கார்ந்திருக்கிறார். இந்த ஊரில் பெண் எடுத்தாலும் சரி, கொடுத்தாலும் சரி, விலாசத்திலேயே ஒரு மாப்பிள்ளை கியாரண்டி!

இந்தப் பக்கத்து வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கடலோரம் முழுக்க உப்பளம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், கரையில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல், சிலவற்றின் மேல் ஓலை மூடாக்கு. உப்பில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம் நேராகக் கண்ணுக்குள் குத்துகிறது. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு நிழலுக்குள் வந்தால் மனிதர்கள் எல்லாம் நெகடிவ் மாதிரி தெரிகிறார்கள். இன்னும் வடக்கே போனால் தருவைகுளம், மீனவர் ஊர். தெற்கே துறைமுகம். 1974-ல் பெரிய துறைமுகமாகி, 2011-ல் வ.உ.சி. பெயரைச் சூட்டிக்கொண்டது. காற்றில் எந்நேரமும் உப்பு. நாக்கை நீட்டினால் சட்னிக்கு உப்புப் பார்த்துவிடலாம்.

இப்படிப்பட்ட ஊருக்கு ஜனங்கள் எதற்குப் போவார்கள்? கருவாடு வாங்கலாம். திரும்பும்போது தூத்துக்குடியில் மக்ரூன் வாங்கலாம். நான் போனது கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்க யோசனை சொல்வதற்கு!

மாமா பையன் அங்கே கடை வைத்திருக்கிறான். வயதில் சின்னவன். நான் அவனுக்கு அத்தான், அவன் எனக்கு மாப்ளே. ஆக, மாப்பிள்ளையூரணியில் எனக்கும் ஒரு மாப்பிள்ளை உண்டு. கடை போர்டில் டி.டி.பி., ஜெராக்ஸ், கல்யாணப் பத்திரிகை, ஆல்பம் டிசைன், ஃப்ளெக்ஸ், பான் கார்டு, ஈ.பி. பில் என்று ஒன்பது தொழில் எழுதியிருக்கும். உள்ளே இருப்பது இரண்டு பேர். வாசலில் அவன், கம்ப்யூட்டர் முன்னால் அவன் சம்சாரம்.

"அத்தான், டவுன்ல ஒரு கடையில கேட்டேன். 8 ஜி.பி. கார்டு, முப்பத்தெட்டாயிரம் சொல்லுதான். அதப் போட்டா படம் கண்ணாடி மாதிரி தெரியுமாம். வட்டிக்குத்தான் வாங்கணும். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

"கேம் ஆடுறியா மாப்ளே?"

"நீங்க வேற! சீட்டு ஆடவே நேரமில்ல."

பிரச்னை என்ன என்று விசாரித்தேன். போன மாதம் ஒரு கல்யாணப் பத்திரிகை. வாழையிலை டிசைன், அடர் பச்சைப் பின்னணி, மேலே குங்குமச் சிவப்பில் எழுத்து. பெண் வீட்டார் ஆசைப்பட்டுக் கேட்டது. திரையில் பார்த்து, படித்து, அச்சுக்கு அனுப்பி, 500 பத்திரிகை வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, 'கண்ணன்' என்ற மாப்பிள்ளை 'கணணன்' ஆகியிருந்தார். முதல் 'ண்'ணின் தலையில் புள்ளி இல்லை. மறுபடி 500 பத்திரிகை, சொந்தக் காசில். கூடவே ஆல்பங்களிலும் தகராறு. 'மாப்பிள்ளை கோட் ஒரே கறுப்புத் திட்டா இருக்கு, பட்டனே தெரியல' என்று இரண்டு பார்ட்டி திருப்பிக் கொடுத்திருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன் கொஞ்சம் சரித்திரம். கொட்டாவி விடாமல் கேட்டால் உங்களுக்கும் சில ஆயிரம் மிச்சமாகும்.

* * *

கிராபிக்ஸ் கார்டு என்றதும் இப்போது எல்லோருக்கும் துப்பாக்கிச் சண்டை கேம்தான் ஞாபகம் வருகிறது. ஆதியில் அப்படி இல்லை. 1982-ல் அமெரிக்காவில் ஹெர்குலிஸ் என்று ஒரு கார்டு வந்தது. செய்தவர் வான் சுவன்னுகுல் என்ற தாய்லாந்துக்காரர். அவருக்கு டாக்டர் பட்டத்துக்கு தீஸிஸ் எழுத வேண்டும், அதில் தாய் எழுத்து வேண்டும். அன்றைக்கு ஐ.பி.எம். கம்ப்யூட்டருக்குக் கிடைத்த ஒரு கார்டில் எழுத்து பளிச்சென்று விழும், ஆனால் அதற்குத் தெரிந்த எழுத்து மட்டும்தான். இன்னொன்றில் படம் போடலாம், ஆனால் புள்ளிகள் கொட்டைப் பாக்கு சைஸ். மனிதர் வெறுத்துப் போய் தானே ஒரு கார்டு செய்தார். 720-க்கு 348 புள்ளி, ஒரே நிறம். உலகம் முழுக்க ஆபீஸ்களில் சக்கைப் போடு போட்டது.

நம் ஊரிலும் அதே கதை. தாய் எழுத்தைப் போலவே நம் எழுத்துக்கும் சுழி, கொம்பு, கால், தலையில் புள்ளி என்று சீர்வரிசை அதிகம். ஆங்கில 'ஐ'க்கு ஒரு கோடு போதும். நம் 'ணை'க்கு எத்தனை வளைவு என்று எண்ணிப் பாருங்கள். ஐ.ஐ.டி. கான்பூரில் ஆரம்பித்த ஆராய்ச்சி, பிறகு பூனாவில் சி-டாக் நிறுவனத்தின் கையில் 'ஜிஸ்ட்' கார்டாக வந்தது. இதை டாஸ் கம்ப்யூட்டரில் செருகினால், ஆங்கிலம் மட்டுமே தெரிந்த டி-பேஸ், வேர்ட்ஸ்டார் எல்லாம் தமிழிலும் இந்தியிலும் பேச ஆரம்பிக்கும். எழுத்து ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே தனியாக ஒரு கார்டு வாங்கிய காலம் அது.

அப்புறம் 1987-ல் வி.ஜி.ஏ. வந்தது. நீலக் கலர் மூடி, பதினைந்து ஊசி, இரண்டு பக்கமும் திருகாணி வைத்த அந்த ஒயரை நீங்களும் திருகியிருப்பீர்கள். அந்தக் காலத்தில் கார்டு நிஜமாகவே முக்கியம். ஏனென்றால் கம்ப்யூட்டருக்குள் எல்லாம் எண்கள். ஒயரில் போவதோ ஏறி இறங்கும் மின்சாரம். எண்ணை மின்சாரமாக மாற்றும் வேலையை கார்டில் இருந்த 'ராம்டேக்' செய்தது. அதிலோ அதை அடுத்த சில்லறைப் பாகங்களிலோ மட்டமான சரக்கைப் போட்டால், அதே மானிட்டரில் எழுத்து மழையில் நனைந்த மாதிரி இழுபடும். 1995-ல் மில்லேனியம் கார்டையும் 1999-ல் ஜி-400 கார்டையும் கொண்டுவந்த கனடாவின் மேட்ராக்ஸ் கம்பெனிக்கு, 'கேமில் சுமார், எழுத்தில் கில்லாடி' என்று பெயரே உண்டு. டி.டி.பி. ஆட்கள் அதைத் தேடிப் பிடித்து வாங்கினார்கள். அவர்கள் செய்தது சரிதான்.

ஆனால் 1999-ல் டி.வி.ஐ., அப்புறம் எச்.டி.எம்.ஐ., 2006-ல் டிஸ்ப்ளே போர்ட் என்று வந்த பிறகு ஒயரிலும் எண்ணே போகிறது. கார்டு 'இந்தப் புள்ளி சிவப்பு, இவ்வளவு' என்று எண்ணாகச் சொல்கிறது, திரை கேட்டுக்கொள்கிறது. அஞ்சாயிரம் ரூபாய் கார்டு சொன்னாலும் ஐம்பதாயிரம் ரூபாய் கார்டு சொன்னாலும் 255 என்பது 255தான். விலை கூடினால் எண் சிவந்துவிடாது!

இன்னொரு கணக்கு. 4கே திரையில் குறுக்கே 3,840 புள்ளி, நெடுக்கே 2,160. மொத்தம் 82 லட்சத்து 94 ஆயிரத்து 400. புள்ளிக்கு மூன்று பைட் என்றால் ஒரு முழுத் திரைக்கு சுமார் 25 எம்.பி. ஹெர்குலிஸுக்கு 31 கே.பி. போதும், அதோடு பார்த்தால் 800 மடங்கு. ஆனாலும் 8 ஜி.பி.க்கு முன்னால் இது ஜுஜுபி. மீதி இடமெல்லாம் கேமில் வரும் காட்டுக்கும் மலைக்கும் பூதத்துக்கும். பத்திரிகை அடிக்கிற கடையில் பூதத்துக்கு என்ன வேலை? பிராசஸரிலேயே சேர்ந்து வருகிற சாதாரண கிராபிக்ஸ், எழுத்தையும் படத்தையும் அதே துல்லியத்தில் காட்டும்.

"அப்ப புள்ளி ஏன் தெரியல?" என்றான் மாப்பிள்ளை. நல்ல கேள்வி.

* * *

கடையில் மானிட்டருக்குப் பதிலாக 43 இன்ச் 4கே டி.வி. மாட்டியிருந்தான். ஒன்றும் தப்பில்லை, பலரும் செய்கிறார்கள். கோளாறு நடுவில் இருந்தது.

அந்த 82 லட்சம் புள்ளியையும் முழு நிறத்தோடு நொடிக்கு 60 தடவை அனுப்ப, நொடிக்குக் கிட்டத்தட்ட 1,200 கோடி பிட் ஓட வேண்டும். எச்.டி.எம்.ஐ. 1.4 என்ற பழைய தரத்தில் அவ்வளவுக்கு இடமில்லை. 2013-ல் வந்த 2.0 தரத்தில் உண்டு. பல டி.வி.க்கள், துளை புதுசாக இருந்தாலும், பழைய சாமான்களோடு ஒத்துப்போகட்டும் என்று கடையிலிருந்து வரும்போதே பழைய வேகத்தில்தான் இருக்கும். அப்போது கம்ப்யூட்டருக்கு இரண்டு வழி. ஒன்று, நொடிக்கு 30 தடவையோடு நிறுத்திக்கொள்வது. அதில் மவுஸ் அம்பு காலில் சங்கிலி கட்டிய மாதிரி நகரும். இன்னொன்று, நிறத்தில் கை வைப்பது.

இரண்டாவதற்கு 4:2:0 என்று பெயர். ரகசியக் குறியீடு மாதிரி பயமுறுத்தினாலும் விஷயம் எளிது. ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் தனித்தனியாக அனுப்பும், நிறத்தை மட்டும் நாலு புள்ளிக்கு ஒன்றாகப் பொதுவில் அனுப்பும். நாலு பேருக்கு ஒரே வேஷ்டி! சினிமா பார்க்கும்போது நம் கண் இதைக் கண்டுபிடிக்காது. வெள்ளையில் கறுப்பு எழுத்தானாலும் சமாளித்துவிடலாம், அங்கே வித்தியாசமே வெளிச்சத்தில்தான். ஆனால் அடர் பச்சையில் சிவப்பு? இரண்டும் ஏறத்தாழ ஒரே வெளிச்சம், நிறம் மட்டும்தான் வேறு. அந்த நிறத்தை நாலு பேருக்குப் பங்கு போட்டால் மெல்லிய கோடு கரைகிறது, குட்டிப் புள்ளி பச்சையோடு பச்சையாகிவிடுகிறது. கண்ணன் கணணன் ஆன கதை இதுதான். முப்பத்தெட்டாயிரம் ரூபாய் கார்டை இதே டி.வி.யில் இதே செட்டிங்கில் செருகியிருந்தால், அதுவும் அதே கணணனைத்தான் காட்டியிருக்கும்.

ஆல்பத்துக் கோட்டின் வழக்கு வேறு. கம்ப்யூட்டர் கறுப்பை 0 என்றும் வெள்ளையை 255 என்றும் எண்ணும். டி.வி. உலகத்தில் கறுப்பு 16, வெள்ளை 235. முதலாவதற்கு 'ஃபுல்', இரண்டாவதற்கு 'லிமிடெட்' என்று பெயர். இவன் கம்ப்யூட்டர் லிமிடெட்டில் அனுப்பிக்கொண்டிருந்தது, டி.வி. ஃபுல் என்று நினைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. விளைவு, கறுப்புக் கோட் சாம்பல் பூத்துத் தெரிந்தது. 'வெளுத்திருக்கே' என்று இவன் ஃபோட்டோஷாப்பில் இருட்டைக் கூட்ட, திரையில் சரியாகி, பிரிண்டில் பட்டனே காணாமல் போய்விட்டது.

"இவ்வளவு நாளா யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

அதுவரை பேசாமல் இருந்த தங்கச்சி மெல்ல வாயைத் திறந்தாள். "நான் சொன்னேண்ணே. இந்த டி.வி. மாட்டுன நாள்லேருந்து கலர் எழுத்து கலங்குது, கண்ணு எரியுதுன்னு. காலைல ஒம்பது மணிக்கு உக்காந்தா ராத்திரி எட்டாவுது. தலவலி மாத்திரை போட்டுத்தான் தூங்குதேன். இவங்க, 'பெரிய திரைலா, இதவிட என்ன வேணும்'ங்காக."

மாப்பிள்ளை உடனே ஜெராக்ஸ் மெஷினில் ஏதோ முக்கிய வேலையாகக் குனிந்துகொண்டான்.

* * *

செய்தது இவ்வளவுதான். டி.வி. மெனுவில் அந்த எச்.டி.எம்.ஐ. துளைக்கு உரிய தரத்தை மாற்றினோம். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் வேறு, 'என்ஹான்ஸ்ட்' என்றோ 'யு.எச்.டி. கலர்' என்றோ இருக்கும். அந்த இன்புட்டுக்கு 'பி.சி.' என்று பெயர் கொடுத்தோம். பல டி.வி.க்கள் இந்தப் பெயரைக் கண்டால்தான் முழு நிறத்தைக் காட்டும். 'விவிட்' படத்தை மாற்றினோம். 'ஷார்ப்னெஸ்'ஸைக் குறைத்தோம், அது எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டு ஏமாற்றுகிற சாமான். கம்ப்யூட்டர் பக்கம் ஆர்.ஜி.பி. ஃபுல், 60 தடவை. பழைய கேபிள் இந்த வேகத்துக்கு மூச்சு வாங்கியது, திரை அடிக்கடி கறுத்தது. 450 ரூபாய்க்குப் புதுக் கேபிள் வாங்கினோம். மொத்தச் செலவு அதுதான்.

தங்கச்சி பழைய வாழையிலை ஃபைலைத் திறந்தாள். ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"அண்ணே, புள்ளி இல்லாதது இங்கனயிருந்தே தெரியுது!"

வாழ்க்கையில் இல்லாத ஒன்று தெரிந்ததற்காக ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

* * *

சாயங்காலம் கடற்கரைப் பக்கம் நடந்தோம். இந்தக் கடலுக்குள்தான் முத்துப் பார்கள். பார் என்றால் சிப்பி படிந்து வளரும் கடலடித் திட்டு. தூத்துக்குடியில் அரசாங்கம் நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல். அதற்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவேயில்லை. 1973-ல் இதே தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் அழகர்சாமி குழுவினர் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள்.

அந்தக் காலத்து மன்னார் வளைகுடா முத்து வியாபாரத்தில் பித்தளைச் சல்லடை அடுக்கு ஒன்று உண்டு. பெரிய துளை, சின்ன துளை என்று வரிசையாக. முத்தைக் கொட்டிச் சலித்தால் சைஸ் பிரிந்துவிடும். விலை அதோடு முடியாது. பிறகு பகல் வெளிச்சத்தில், கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்கள். உருண்டையா, உள்ளிருந்து ஒளி வருகிறதா? உருண்டு திரண்டு ஒளி வீசினால் அது ஆணிமுத்து, முதல் ஜாதி. சல்லடை சைஸைச் சொல்லும், ஒளியைச் சொல்லாது.

கார்டு டப்பாவில் போட்டிருக்கும் 8 ஜி.பி., 12 ஜி.பி. எல்லாம் சல்லடைத் துளைதான் ஸார். திரை எப்படித் தெரியும் என்பது அதில் எழுதியிருக்காது.

வெளிச்சமும் அப்படியே. கல்யாண ஆல்பத்தில் முகத்து நிறம் சரியா என்று பார்க்க, வெயில் அடிக்கிற வாசலுக்கு எதிரே திரையை வைத்தால் ஆண்டவனாலும் முடியாது. மாப்பிள்ளை கடையில் டி.வி.யை வாசலுக்குப் பக்கவாட்டாகத் திருப்பி வைத்தோம். அதற்கு நாலு திருகாணியும் ஒரு டீயும் செலவு.

* * *

ஆபீஸில் எக்ஸெல் பார்க்கிறவர்களும், வீட்டில் எழுதுகிறவர்களும், படம் திருத்துகிறவர்களும் கத்தரித்து வைத்துக்கொள்ள சில வரிகள்:

1. கார்டு வாங்குமுன் பிராசஸரைப் பாருங்கள். இன்டெலில் நம்பருக்குப் பின்னால் ஆங்கில 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு அவசியம், மலிவானதே போதும். 'எஃப்' இல்லையென்றால் அநேகமாகச் செலவே இல்லை.

2. கேட்க வேண்டிய கேள்வி 'எத்தனை ஜி.பி.?' அல்ல. 'எத்தனை துளை, என்ன தரம்?' 4கே-யில் 60 வேண்டுமென்றால் எச்.டி.எம்.ஐ. 2.0 அல்லது டிஸ்ப்ளே போர்ட் 1.2 இருக்க வேண்டும். மூன்று திரை மாட்டுகிறவர் மூன்று துளை இருக்கிறதா என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

3. திரை கலங்குகிறதா என்று பார்க்க 'பெயின்ட்' போதும். அடர் பச்சைக் கட்டத்தில் ஒரு புள்ளி கனத்தில் சிவப்புக் கோடு போடுங்கள். கூர்மையாக இருந்தால் பாஸ். பிறகு 0,0,0 கறுப்பில் ஒரு கட்டம், பக்கத்தில் 10,10,10. இரண்டுக்கும் நடுவே மெல்லிய வித்தியாசம் தெரிய வேண்டும், முதலாவது சாம்பலாக இருக்கக்கூடாது.

4. காசு இருந்தால் திரையில் போடுங்கள். எஸ்.ஆர்.ஜி.பி. நிறங்களை முழுசாகக் காட்டும் ஐ.பி.எஸ். மானிட்டர், முடிந்தால் நிறம் அளக்கும் கருவி. பிரிண்டோடு ஒப்பிடுகிறவர்கள் வெளிச்சத்தைக் கண் கூசாத அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

5. கார்டு தேவைப்படும் இடமும் உண்டு. வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வரைபடம், ஃபோட்டோஷாப்பின் புதிய ஏ.ஐ. வித்தைகள். அங்கே கார்டு நேரத்தை மிச்சப்படுத்தும். படத்தின் தெளிவைக் கூட்டாது.

6. கடலோர ஊர்க்காரர்களுக்கு விசேஷக் குறிப்பு: பெரிய கார்டின் மின்விசிறிகள் உப்புக் காற்றையும் தூசியையும் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். செம்புக்கும் உப்புக்கும் ஜாதகம் பொருந்தாது. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் விசிறியே இல்லாத சின்னக் கார்டு உத்தமம்.

7. எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தத் திரைக்கு எதிரே தினமும் உட்கார்கிறவர் யாரோ, அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆபீஸ் என்றால் டைப் அடிக்கிறவர். கடை என்றால் பெரும்பாலும் வீட்டுக்கார அம்மா. கம்ப்யூட்டர் கடைக்காரர் சொல்வதற்கு முன்பே அவர் சொல்லியிருப்பார், நாம்தான் காதில் வாங்கியிருக்க மாட்டோம்.

முப்பத்தெட்டாயிரத்தை என்ன செய்வது என்று மாப்பிள்ளை பஸ் ஏற்றிவிட வந்தபோது கேட்டான். "கடனே வாங்காதே" என்றேன். "தங்கச்சிக்கு முதுகு சாயிற மாதிரி ஒரு நல்ல நாற்காலி வாங்கிப் போடு, கண் டாக்டரிடம் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போ. ரெண்டும் சேர்த்தாலும் கார்டு விலையில் கால்வாசி ஆகாது."

"சரித்தான்" என்றான். பஸ் நகரும்போது ஜன்னலருகே ஓடி வந்து, "அத்தான், நாற்காலிக்கு எத்தன ஜி.பி. பாக்கணும்?" என்றான்.